காற்றை நம்பி ஏரியில் இறங்கலாமா?

மலையைச் சுற்றிவரத்தான் திருவண்ணாமலைக்கு ஆள் வரும், படகுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் ஐயங்குளத்தை மறந்துவிடுகிறார்கள். கார்த்திகை தீபம் ஏற்றிய மறுநாள் தொடங்கி மூன்று இரவு அங்கே தெப்பல் உற்சவம். முதல் நாள் சந்திரசேகரர், அடுத்த நாள் பராசக்தி, மூன்றாம் நாள் முருகர். தை மாதம் அண்ணாமலையாரே தென்பெண்ணையில் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டை வரை போகிறார். ரத சப்தமிக்குக் கலசப்பாக்கத்தில் செய்யாற்றுக்கு எழுந்தருளுகிறார். சாமி தண்ணீரைத் தேடிப் போகும் ஊரில், ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் தூண்டிலும் சோற்று மூட்டையுமாக ஏரிக்குக் கிளம்ப நினைத்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அந்த நினைப்புக்கு இப்போது கைபேசியே தூபம் போடுகிறது. நான்கு பேர் உட்காரும் காற்றடைத்த படகு, துடுப்பு, பம்பு எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. காரின் டிக்கியில் மடித்துப் போட்டுக்கொள்ளலாம், மொட்டை மாடியில் ஊதிப் பார்க்கலாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்தபோது பேரிடர் மீட்புப் படையினர் ரப்பர் படகில் போய் ஆட்களை மீட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அதன் மேல் ஒரு நம்பிக்கையும் வந்திருக்கிறது. சென்னைப் புறநகரில் வெள்ளம் புகும் தெருக்காரர்கள் சிலர் மழைக்காலத்துக்கு முன்பே இப்படிப் படகு வாங்கி வைத்துக்கொண்டதாகச் செய்திகள்கூட வந்தன.

வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் எந்தப் படகு என்ற கேள்வியை முதலில் கேட்பவர்கள் பெரும்பாலும் தவறான படகைத்தான் வாங்குகிறார்கள். எந்தத் தண்ணீர், அது யாருடைய தண்ணீர், அதற்கு அடியில் என்ன கிடக்கிறது என்று கேட்டு முடித்தால் பாதிப் படகுகள் தாமாகவே பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடும்.

லாரி டியூப் சொல்லும் பாடம்

காற்றின் மேல் மிதந்து மீன் பிடிப்பது நமக்குப் புதிதில்லை. வட மாவட்டத்து ஏரிகளில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். ஊதிய லாரி டியூப் ஒன்றில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். டியூபின் குறுக்கே பலகையோ கயிற்றுப் பின்னலோ இருக்கும். கால் இரண்டும் தண்ணீருக்குள். கையையே துடுப்பாக அளைந்துகொண்டு, மடியில் இருக்கும் வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போவார். வலையின் மேல்கயிற்றில் ரப்பர் செருப்பை நறுக்கிக் கட்டிய தக்கைகள் வரிசையாக மிதக்கும். பண முதலீடு என்றால் பழைய டியூபும் வலையும்தான். அதற்கும் முன்னால் கிணற்றில் நீச்சல் பழகிய பிள்ளைகள் இடுப்பில் கட்டிக்கொண்டது காய்ந்த சுரைக்குடுக்கை.

உலக வரலாறும் ஏறக்குறைய இதே பாதையில்தான் வந்திருக்கிறது. கி.மு. 9-ம் நூற்றாண்டின் அசிரியச் சிற்பங்களில் ஊதிய ஆட்டுத்தோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீரர்கள் ஆற்றைக் கடக்கிறார்கள். அந்தக் கற்பலகை இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்போது நாம் பார்க்கும் வடிவத்துக்கு 1930-களில் வித்திட்டது பிரான்ஸின் சோடியாக் நிறுவனம். 1952-ல் அலேன் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் நான்கரை மீட்டர் நீளமுள்ள சோடியாக் படகு ஒன்றில் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்து காட்டினார். கப்பல் கவிழ்ந்து தத்தளிப்பவர்கள் கடலிலேயே கிடைப்பதை உண்டு பிழைத்திருக்க முடியும் என்று நிரூபிக்கத்தான் அந்தப் பயணம். காற்றடைத்த படகு மிதக்குமா என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது.

நம் சந்தேகம் வேறு. டியூபில் போகும் மீனவருக்கு அந்த ஏரியின் ஒவ்வொரு பள்ளமும் அத்துப்படி. டியூப் வெடித்தால் நீந்திக் கரையேறுவார். பணயம் அவர் உயிர் ஒன்றுதான். நாம் ஏற்றப் போவது ஆறு வயதுக் குழந்தையையும், நீச்சல் தெரியாத தாயாரையும், அதுவரை தண்ணீரைக் கரையிலிருந்து மட்டும் பார்த்த மாமனாரையும். பொருள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரியம் வேறு.

சாத்தனூர் உங்களுக்கு இல்லை

திருவண்ணாமலையில் தண்ணீர் என்று சொன்னதும் எல்லோருக்கும் வாயில் வருவது சாத்தனூர். 1958-ல் பயன்பாட்டுக்கு வந்த அணை. தென்பெண்ணையின் குறுக்கே 119 அடி முழுக் கொள்ளளவு மட்டம், 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவு. மலைகளுக்கு நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் நீர் விரிந்து கிடப்பதைப் பார்த்தால் படகு வைத்திருக்கும் எவருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

துறுதுறுப்பை அடக்கிக்கொள்ள மூன்று காரணங்கள். முதலாவது, மீன். அங்கே மீன் பிடிப்பது தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் நடக்கிறது. குஞ்சு விடுவது அவர்கள், வலை போடுவது அனுமதி பெற்ற மீனவர்கள். கட்லா, ரோகு, மிர்கால் என்று கரைக்கு வருவதெல்லாம் எடைபோட்டுக் கணக்கில் ஏறும். நீங்கள் படகோடு போய் நின்றால் அடுத்தவர் கொல்லையில் மாங்காய் அடித்த கதைதான்.

இரண்டாவது, முதலை. சாத்தனூர் என்றால் பலருக்கு நினைவில் இருப்பது 1970-களில் தொடங்கிய முதலைப் பண்ணை. தொட்டிக்குள் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடக்கும் முதலைகளைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்போம். முதலை தொட்டிக்குள் மட்டும் இல்லை, நீர்த்தேக்கத்திலும் இருக்கிறது. சதுப்புநில முதலை என்று பெயர். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற விலங்கு. மாசி, பங்குனியில் கரை மணலைத் தோண்டி முட்டையிடும். பரிசல்காரர்களுக்கு அதன் இடமும் குணமும் தெரியும், ஒதுங்கிப் போவார்கள். ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத பிவிசி மெத்தையில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு அதன் வீட்டுக்குள் நுழைய நமக்கு ஒரு அவசியமும் இல்லை.

மூன்றாவது, நீரின் வேகம். 2024 டிசம்பர் 2 அதிகாலையில் இந்த அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிட வேண்டி வந்தது. மேலே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோர ஊர்கள் மூழ்கின. அதற்கு முந்தைய நாள்தான் திருவண்ணாமலையில் வ.உ.சி. நகருக்கு மேலே மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக இறங்கி ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. மேலே எங்கோ பெய்யும் மழை, வெயிலடிக்கும் இடத்தில் ஆற்றை ஏற்றிவிடும். அணைக்குக் கீழே ஆற்றுப் பள்ளத்தில் படகு இறக்குவது எந்த மாதத்திலும் கூடாது.

சாத்தனூருக்குப் போங்கள், படகில்லாமல் போங்கள். அணையை ஒட்டிய கடைகளில் மீனைக் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். காட்டுகிற துண்டை அப்போதே எண்ணெயில் போட்டுக் கொடுப்பார்கள். பரிசல் ஒன்று கரையேறுவதைப் பார்க்கக் கிடைத்தால் நின்று பாருங்கள். மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல முடைந்து, அடியில் பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்தி, தார் பூசியிருப்பார்கள். வட்டமான அடி, நடுமுதுகுக் கட்டை கிடையாது, முழங்கால் தண்ணீரிலும் ஓடும். வேலை முடிந்ததும் ஒரே ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு குடைபோலத் தூக்கிப் போய்விடுவார். இலேசாக இருப்பது, தட்டை அடி, காற்றடித்தால் போக்கு மாறுவது என்று காற்றடைத்த படகுக்கும் அதற்கும் குணம் ஒன்று. இரண்டும் வேறுபடும் இடம் ஒன்றே ஒன்று: பரிசலில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும், சாக்குத் துணியைத் திணித்துக்கொண்டு கரை சேரலாம்.

கோயில் தீர்த்தங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிரிவலப் பாதையில் உள்ள குளங்களில் தூண்டில் போடுபவருக்கு ஊர்க்காரர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

குத்தகைக்காரரைப் பார்த்துப் பேசுங்கள்

அப்படியானால் மிச்சம் ஏரிதான். இந்த மாவட்டத்தில் ஏரிக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாமல் பெய்தால் மார்கழிக்குள் நிரம்பும், சித்திரை வைகாசியில் கட்டாந்தரை ஆகும். ஆகவே படகுக்கு உரிய பருவம் தையிலிருந்து பங்குனி வரை. மழை ஓய்ந்து, காற்று அடங்கி, வெயில் இன்னும் உறைக்கத் தொடங்காத மாதங்கள். ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள், நூறு கிலோகூட இல்லாத படகு எம்மாத்திரம்.

எந்த ஏரியாக இருந்தாலும் மீன் பெரும்பாலும் ஒருவருக்கு உரிமையாக இருக்கும். ஆண்டுதோறும் மீன்பாசி ஏலம் நடக்கும். ஏலம் எடுத்தவரோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ காசு கட்டிக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார்கள். இரவுக் காவலுக்கு ஆள்கூட வைத்திருப்பார்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து மீன்பிடித் திருவிழாவைப் பார்த்துவிட்டு ஏரி எல்லோருக்கும் பொது என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கேயும் தண்ணீர் வற்றிய பிறகு, ஊர்க்கூட்டம் முடிவு செய்த நாளில்தான் வெள்ளைத்துண்டு வீசி ஊரை இறக்குவார்கள். எனவே ஊராட்சித் தலைவரையும் குத்தகைக்காரரையும் முன்கூட்டியே பார்த்துப் பேசிவிடுவது மரியாதை, பிற்பாடு வம்பும் இல்லை. வலை போடமாட்டோம், தூண்டில் மட்டும்தான், பிடிப்பதற்குக் கிலோ விலை கொடுத்துவிடுகிறோம் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தெரிந்தவர்களின் பண்ணைக்குட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. கரை தெரியும், ஆழம் தெரியும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இருப்பார்.

குத்தகைக்காரரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி ஏரியின் அடிவயிற்றைப் பற்றியது. நம் ஏரிகள் பலவற்றின் உட்பரப்பில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கருவேல மரம் நட்டார்கள். கரையோரத்தில் சீமைக் கருவேலம் தானாக வளர்ந்தது. ஏரி நிரம்பினால் இந்த மரங்கள் இடுப்பளவு, கழுத்தளவு நீரில் மூழ்கி நிற்கும். கண்ணுக்குத் தெரிவது ஒன்றிரண்டு உச்சிக் கிளை. தெரியாதது அதற்கு ஒரு சாண் கீழே விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் முள். வெளிநாட்டில் இந்தப் படகைச் செய்தவருக்குச் சிப்பியும் பாறையும் நினைவில் இருந்திருக்கும். கருவேல முள்ளை அவர் கண்டிருக்க மாட்டார். திருவண்ணாமலைக் குடும்பத்துக்கான படகைத் தீர்மானிப்பது இந்த முள்தான் என்பேன்.

படகின் தோல், படகின் வயிறு

கடையில் கிடைப்பவை மோட்டாக மூன்று தரம். பொம்மைக்கடைத் தரத்தில் வெறும் பிவிசி தாளை ஒட்டிச் செய்தவை ஒன்று. நீச்சல்குளத்தில் பிள்ளைகள் விளையாடச் சரி, ஏரிக்கு ஆகாது. அடுத்தது மூன்று நான்கு பேருக்கென்று விற்கும், தனித்தனிக் காற்றறைகள் கொண்ட கனத்த பிவிசி படகு. நம் குடும்பங்கள் அதிகம் வாங்குவது இதைத்தான். மூன்றாவது, நெய்த பாலியெஸ்டர் துணியின் இரு பக்கமும் பிவிசி பூசிய படகு. அடியில் பலகையோ அழுத்தக் காற்றுத் தளமோ இருக்கும், பின்னால் மோட்டார் மாட்ட மரப்பலகையும் உண்டு. விலை லட்சத்தைத் தொடும், தாண்டும். மீட்புப் படைகள் வைத்திருப்பது இந்த இனத்துப் பெரிய படகுகள். ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பரில் செய்தவை வெயிலுக்கு இன்னும் அசையாது. அந்தப் பெயரில் அதைத் தயாரித்த டுபான்ட் நிறுவனம் 2010 வாக்கில் உற்பத்தியை நிறுத்திவிட்டாலும் அதே வகைப் பொருளை வேறு நிறுவனங்கள் செய்கின்றன. மாதம் ஒருமுறை ஏரிக்குப் போகும் குடும்பத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

என் சிபாரிசு, முள் இல்லாத பண்ணைக்குட்டை என்றால் இரண்டாவது தரம், ஏரி என்றால் மூன்றாவதில் சிறியது. நடுவில் ஊசலாடிப் பணத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் ஏரியை மாற்றிக்கொள்வது உத்தமம்.

தோலைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஓரத்தில் ஒட்டு மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் துணி இழை தெரிந்தால் அது துணியில் பிவிசி பூசிய வகை. முள் குத்தினாலும் ஓட்டை ஓட்டையாகவே நிற்கும், நீளமாகக் கிழியாது. இழையே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தால் ஒரு சின்னக் கீறலும் பிளந்துகொண்டு போகும்.

அறைகளை எண்ணுங்கள். தெப்பத்தின் அடியில் ஒரே பெரிய தொட்டியை வைக்காமல் தனித்தனிப் பேரல்களாக ஏன் கட்டுகிறார்கள்? ஒன்றில் நீர் புகுந்தாலும் மற்றவை தாங்கும். படகிலும் பக்கவாட்டுக் குழாயில் குறைந்தது இரண்டு அறை, தளம் தனி அறை என்று மொத்தம் மூன்று இருக்க வேண்டும். ஒரே வால்வில் முழுப் படகும் ஊதிவிடுகிறதென்றால் அதை அப்படியே மடித்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் போட்டிருப்பது வெளி அளவு. அகலம் 145 சென்டிமீட்டர் என்றால், இரு பக்கக் குழாயும் தலா 40 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே உட்கார மிஞ்சுவது 65. பஸ்ஸில் ஒருவர் இருக்கையைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். ‘நான்கு பேர்’ என்று எழுதியிருந்தால் இரண்டு பெரியவர், ஒரு பிள்ளை, ஒரு கூடை என்று படித்துக்கொள்ளுங்கள். எடைக் கணக்கும் அப்படியே. அப்பா 75, அம்மா 60, பிள்ளைகள் 40-ம் 25-ம் என்றால் மொத்தம் 200 கிலோ. ஐஸ் பெட்டி, தண்ணீர், நங்கூரம், பையெல்லாம் சேர்ந்து இன்னொரு 40, 50. அறை ஒன்று போனாலும் மிதக்க வேண்டும் என்றால், எழுதியிருக்கும் தாங்கு எடையில் பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆக இந்தக் குடும்பத்துக்கு 500 கிலோ எழுதிய படகு வேண்டும்.

மோட்டார்? வேண்டாம் என்பது என் கட்சி. இயந்திரம் பொருத்திய கலம் என்றாகிவிட்டால் ஆய்வு, பதிவு என்று 2021-ம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் குறுக்கே வரும். பன்னிரண்டு வோல்ட் மின்மோட்டாருக்கு வேண்டிய ஈய பேட்டரி மட்டும் இருபது கிலோவுக்கு மேல், ஒரு பிள்ளையின் எடை. கருவேலங்கிளை விசிறியில் சிக்கினால் அதை எடுக்கக் குனிபவரோடு படகும் குனியும். ஏரியோரமாக முந்நூறு அடி போக இரண்டு துடுப்பு போதும். கூடவே மூன்றாவது ஒன்றைக் கட்டி வையுங்கள், ஒன்று கை நழுவும் நாள் கட்டாயம் வரும்.

பஞ்சர் கடைக்காரருக்குத் தெரியாத ஒன்று

கார் டயரில் 30 பிஎஸ்ஐக்கு மேல் காற்று நிற்கிறது. துணியில் பிவிசி பூசிய படகின் பக்கக் குழாயில் நிற்பது சுமார் 3 மட்டுமே, கனத்த பிவிசி படகில் அதற்கும் கீழே. டயர் ஊதும் கம்ப்ரஸரை இதில் மாட்டினால் அரை நாள் ஊதிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் கடைசி நிமிஷத்தில் ஒட்டைப் பிளந்தும் விடும். அதிகக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் தள்ளும் காலால் மிதிக்கும் பம்புதான் இதற்கு ஏற்றது. அது படகோடேயே வரும்.

நம் வெயில் இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். காலை 25 டிகிரியில் 3 பிஎஸ்ஐ ஊதி வைத்த படகைக் கரையிலேயே போட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போனால், குழாய் 55 டிகிரிக்குச் சூடேறும்போது உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 4.8 ஆகிவிடும். காற்று கொஞ்சமும் கூடவில்லை, சூடு மட்டும்தான் கூடியது. தோல் சற்று விரிந்து கொடுப்பதால் கொஞ்சம் குறையும் என்றாலும் ஒட்டுகளுக்கு அது நல்லதில்லை. எனவே முக்கால் பங்கு ஊதித் தண்ணீரில் இறக்குங்கள். பத்து நிமிஷத்தில் ஏரி நீர் படகைக் குளிர்விக்கும், அப்போது தொளதொளப்பாகத் தெரிந்தால் மேற்கொண்டு ஊதிக்கொள்ளலாம். கரையேறி நிழல் இல்லாத இடத்தில் வைக்கும்போது ஒவ்வொரு அறையிலும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிடுங்கள்.

காற்று இறங்குகிற இடத்தைக் கண்டுபிடிக்கப் பஞ்சர் கடை வித்தை அப்படியே செல்லும். சோப்புத் தண்ணீரைத் தடவினால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். ஒட்டுவதில்தான் அந்த வித்தை செல்லாது. சைக்கிள் டியூபுக்குப் போடும் ரப்பர் சொல்யூஷன் பிவிசியைப் பிடிக்காது, அன்றைக்கு ஒட்டியதுபோல் இருந்து தண்ணீரில் உரிந்துவிடும். படகோடு வரும் பிவிசிக்கென்றே உள்ள பசையும் அதே தோல் துண்டும்தான் வேண்டும், ஒட்டிய பிறகு ஒரு முழு நாள் அதை விட்டுவிட வேண்டும். படகில் வைத்தே ஒட்டிக் கரை சேரலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

இனி முள். கரையில் படகை ஒருபோதும் இழுக்காதீர்கள், ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்குங்கள். ஊதும் இடத்தில் தார்ப்பாயை விரித்துக்கொள்ளுங்கள். படகுக்குள்ளும் எதிரிகள் உண்டு. ஜிலேபி மீனின் முதுகுத் துடுப்பு ஊசி, கெளுத்தியின் மூன்று முள். தேளி மீன் வந்து மாட்டினால் படகுக்குள் எடுக்கவே எடுக்காதீர்கள். நரம்பை அறுத்துவிடுவது மேல், குத்தினால் படகைவிட உங்கள் கைக்குத்தான் கேடு. மூடி வைத்த ஐஸ் பெட்டியில் மீனை நேரே போடுவது, தளத்தில் ரப்பர் பாய் விரிப்பது, கத்தியைக் கரையிலேயே விட்டுவிடுவது, தூண்டில் முள்ளின் பின்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுவது எல்லாம் பழக வேண்டியவை. பின்கொக்கி இல்லாத முள் பிள்ளையின் விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழன்று வரும்.

நங்கூரத்துக்கு இரும்பு வாங்கித் தோலைக் கிழித்துக்கொள்வதற்குப் பதில் நைலான் பையில் மணலைக் கட்டி இறக்கலாம். கயிறு ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும், படகின் முன்பக்கம் மட்டுமே கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டிய நங்கூரம் காற்றடிக்கும்போது படகைச் சாய்க்கும்.

படகைவிட ஜாக்கெட் முக்கியம்

2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து உறவினர்கள் 22 பேர் இறந்துபோனார்கள். அதிக ஆள், உயிர்காப்பு ஜாக்கெட் இல்லை. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரிலும் இதே எண்ணிக்கையில் உயிர்கள் போயின. பெரும்பாலானவர்கள் பெண்களும் குழந்தைகளும். ஒவ்வொரு முறையும் விசாரணை படகைப் பற்றியே நடக்கிறது. நம் வீட்டில் விசாரணை ஜாக்கெட்டைப் பற்றி முன்கூட்டியே நடக்கட்டும்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வரும் மிதவைச் சட்டை நீச்சல் தெரிந்தவருக்கு உதவும், தெரியாதவரை முகம் மேலே பார்க்கத் திருப்பிப் போடாது. தெரியாதவருக்கு 100 நியூட்டன் மிதப்பு விசை என்று எழுதியிருக்கும் ஜாக்கெட் வேண்டும். கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் மிதவை இருக்கும். சென்னை பாரிமுனைப் பக்கம் கப்பல் சாமான் விற்கும் கடைகளில் நேரில் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. பிள்ளைகளுக்கு வயது பார்த்து வாங்காதீர்கள், எடை பார்த்து வாங்குங்கள். இரு கால் நடுவே போகும் பட்டை கட்டாயம். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி வந்தால் தண்ணீரில் பிள்ளை கீழே நழுவிவிடும். வளர்ந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று தீபாவளிச் சட்டைபோல ஒரு அளவு பெரிதாக எடுக்கும் வழக்கம் இதில் உதவாது.

உடையைப் பற்றியும் ஒரு சொல். ஐந்தரை மீட்டர் புடவை நனைந்தால் காலைக் கட்டிப்போடும். வேட்டியும் அப்படியே. வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தாலும் அன்றைக்கு ஒரு நாள் சுடிதாரோ அரைக்கால் சட்டையோ போதும். கொலுசைக் கழற்றிக் காரில் வைத்துவிடலாம், அதன் கொக்கி படகுக்கும் ஆகாது.

மீதிச் சாமான்கள் சுருக்கம். ஆளுக்கு ஒரு விசில். தண்ணீர் இறைக்கப் பிளாஸ்டிக் குவளை. ஐம்பதடி மிதக்கும் கயிறு. நீர் புகாத பையில் கைபேசி. தூண்டிலுக்கு மூங்கில் கழியும் தங்கூசி நரம்பும் மயிலிறகுத் தக்கையும் போதும், பிள்ளைகளுக்கு அதுதான் கைக்கு அடங்கும். மண்புழு கிடைக்காவிட்டால் மைதா உருண்டையில் துளி பெருங்காயம் சேர்த்தால் கெண்டை வரும். விரால் வேண்டுமென்றால் சின்னத் தவளை போன்ற ரப்பர் இரையை நீர்ச்செடி ஓரம் இழுத்துப் பார்க்கலாம். அந்த ஓரத்தில்தான் முள்ளும் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விடியும்போது இறங்கி, வெயில் சுள்ளென்று ஆவதற்குள் ஏறிவிடுவது நல்ல கணக்கு. வீட்டில் யாராவது ஒருவர் கரையிலேயே நிற்க வேண்டும், கையில் கயிற்றோடு. படகு ஏரிக் கரையைவிட்டுத் தூரம் போகாமல் கரையை ஒட்டியே நகரட்டும். மீன் நடுவில் இருக்கிறது என்பது கரையில் நிற்பவருக்குத் தோன்றும் பிரமை. காலை நேரத்தில் அது ஓரத்துக்குத்தான் மேய வருகிறது. அதனால்தான் கொக்கும் அங்கே நிற்கிறது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தாலோ இடி கேட்டாலோ மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி, நரம்பைச் சுற்றிவிட்டுக் கரையேறுங்கள்.

ஏறியதும் முதல் வேலை குத்தகைக்காரர் ஆளிடம் மீனை எடைபோட்டுப் பேசிய காசைக் கொடுப்பது. சிறுகுஞ்சு இருந்தால் தண்ணீரிலேயே விட்டிருக்க வேண்டும். அடுத்து, வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் படகைக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து, மடிப்புகளில் முகப்பவுடரைத் தூவிச் சுருட்டுவது. ஈரத்தோடு மடித்தால் பாசி நாற்றமும் பூசணமும் பிடிக்கும். பரணில் போட்டுவிடாதீர்கள். மீன் வாடை ஒட்டிய பிவிசி எலிக்குப் பிடித்த பண்டம், ஒரே இரவில் மூன்று அறையிலும் வாசல் வைத்துவிடும். மூடியோடு கூடிய நீலநிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்கி அதற்குள் வைத்தால் அடுத்த தை வரை கவலையில்லை.